வளைந்து செல்லும் வரைபிலிருந்து சராசரி மாற்ற வீதம்: ஒரே கணக்குக்கு மூன்று விடைகள்

களுவாஞ்சிக்குடி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரக் கணிதப் பிரிவில் முதலாம் ஆண்டில் கற்கிறேன். வகுப்பில் தரப்பட்ட ஒரு பயிற்சிக் கணக்குக்கு எங்கள் வீட்டு மேசையிலேயே மூன்று விடைகள் வந்திருக்கின்றன. எது சரி என்பதைவிட, மற்றவை ஏன் பிழை என்பதை அறியவே இதனை எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். ஒரு குளத்தின் நீர்மட்டம் மாரி காலத்தில் 30 நாட்களில் மாறிய விதம் ஒரு வளையியாகத் தரப்பட்டுள்ளது. குளமும் எண்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. எந்த ஊர்க் குளத்தின் பதிவும் அல்ல. கிடை அச்சில் நாட்களும், நிலைக்குத்து அச்சில் மீற்றரில் நீர்மட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. கிடை அச்சில் 10 சிறு கட்டங்கள் 5 நாட்கள். நிலைக்குத்து அச்சில் 10 சிறு கட்டங்கள் அரை மீற்றர். நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, 2.5 மீற்றரில் தொடங்குகிறது. வரைபிலிருந்து நான் வாசித்தவை: தொடக்கத்தில் 3.2 மீற்றர், 5ஆம் நாளில் 3.0, 10ஆம் நாளில் 3.6, 20ஆம் நாளில் 5.6, 25ஆம் நாளிலும் 5.6, 30ஆம் நாளில் 5.0. இடையில் 22ஆம் நாளளவில் வளையி 5.8 வரை உயர்ந்து பின்னர் இறங்குகிறது.

5ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள் வரையான சராசரி மாற்ற வீதத்தைக் காணுமாறு கேட்கப்பட்டுள்ளது. நான் இரண்டு முனைகளை மட்டும் எடுத்து, நாளொன்றுக்கு 0.13 மீற்றர் என்று பெற்றேன். என் தோழி இடையிலுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் படித்திறனை (கோட்டின் சரிவின் அளவை) கண்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, ஏறக்குறைய 0.107 என்கிறாள். அண்ணனோ இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து, பாகைமானியை வைத்து ஏறக்குறைய 52 பாகை என்று அளந்து, அதன் தாஞ்சன் 1.3 என்கிறார்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 20ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள் வரை விடை பூச்சியம் என்று வருகிறது. நீர்மட்டம் ஏறியிறங்கியது கண்ணுக்குத் தெரியும்போது, மாற்ற வீதம் பூச்சியம் என்று எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மட்டக்களப்பு:

மகள், உங்கள் விடையே சரியானது. ஆயினும் நீங்கள் கேட்டது மற்றவை ஏன் பிழை என்பதை ஆதலால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் ஆயிடையில் (இரு முனைகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) ஒரு சார்பின் (இங்கே நாளைப் பொறுத்து மாறும் நீர்மட்டத்தின்) சராசரி மாற்ற வீதம் என்பது, அந்த ஆயிடையின் இரு முனைகளிலும் சார்பு கொள்ளும் பெறுமானங்களின் வித்தியாசத்தை ஆயிடையின் நீளத்தால் வகுத்து வருவது. வரைபில் பார்த்தால், வளையியின் மேலுள்ள அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நாணின் படித்திறனே அது. இடையில் வளையி எவ்வளவு நெளிந்தாலும் நாண் அசைவதில்லை. உங்கள் கணக்கில் நீர்மட்ட வித்தியாசம் 5.6 − 3.0 = 2.6 மீற்றர்; நாட்களின் வித்தியாசம் 25 − 5 = 20. ஆகவே 2.6 ÷ 20 = 0.13, அதாவது நாளொன்றுக்கு 13 சென்ரிமீற்றர்.

வரைபுத் தாளில் இதனைச் செய்யும்போது பின்பற்ற வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. கூரிய பென்சிலால் கிடை அச்சில் 5இலும் 25இலும் நின்று நிலைக்குத்தாக மேலே சென்று, வளையியைத் தொடும் இடத்தில் சிறு புள்ளடி இடுங்கள். அந்தப் புள்ளடிகளிலிருந்து கிடையாக இடப்பக்கம் சென்று நிலைக்குத்து அச்சில் பெறுமானத்தை வாசியுங்கள். வாசித்த நான்கு எண்களையும் இரண்டு ஆள்கூறுகளாக, (5, 3.0) என்றும் (25, 5.6) என்றும் வரைபின் மீதே எழுதிவைத்த பின்னரே கழிக்கத் தொடங்குங்கள். பல மாணவர்கள் வித்தியாசத்தை மனதில் கணித்து ஒரே வரியில் விடையை எழுதிவிடுகிறார்கள். வாசிப்பு ஒரு கட்டம் தவறினாலும் அது எங்கே தவறியது என்று பின்னர் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. எந்த முனையை முதலில் எடுத்தாலும் பாதகமில்லை. மேலே எந்த ஒழுங்கில் கழித்தீர்களோ கீழேயும் அதே ஒழுங்கில் கழிக்க வேண்டும் என்பதே கட்டாயம். அதனைக் குழப்பினால் ஏறிய குளம் இறங்கிய குளமாகிவிடும்.

அச்சு 2.5 மீற்றரில் தொடங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாம் எடுப்பது வித்தியாசத்தை மாத்திரமே. தொடக்கம் எதுவாக இருந்தாலும் கழிக்கும்போது அது மறைந்துவிடும்.

இனித் தோழியின் விடை. 5இலிருந்து 10 வரை படித்திறன் 0.6 ÷ 5 = 0.12; 10இலிருந்து 20 வரை 2.0 ÷ 10 = 0.2, 20இலிருந்து 25 வரை 0. இந்த மூன்று எண்களும் சரியானவை. ஆனால் நடுவிலுள்ள பகுதி 10 நாட்கள் நீடித்தது, மற்ற இரண்டும் 5 நாட்கள் வீதமே நீடித்தன. மூன்றுக்கும் சம உரிமை கொடுத்துக் கூட்டி மூன்றால் வகுத்தால், 10 நாட்கள் நடந்த ஏற்றமும் 5 நாட்கள் நடந்த தேக்கமும் ஒரே நிறையுடன் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு படித்திறனையும் அது நீடித்த நாட்களால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 0.12 × 5 = 0.6; 0.2 × 10 = 2.0; 0 × 5 = 0. மொத்தம் 2.6. அதனை 20ஆல் வகுத்தால் மீண்டும் 0.13 வருகிறது. பகுதிகள் யாவும் ஒரே நீளமுடையனவாக இருந்திருந்தால் தோழியின் முறையும் சரியான விடையையே தந்திருக்கும். அதனாலேதான் இந்தப் பழக்கம் மாணவர்களிடம் நிலைத்துவிடுகிறது. ஆயினும் பெருக்கிக் கூட்டும்போது இடைப்பட்ட நீர்மட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முனைகள் மட்டுமே எஞ்சுகின்றன என்பதால், பகுதி பகுதியாகச் செய்வது வீண் உழைப்பே.

பஸ் பயணக் கணக்குகளிலும் இதே குழப்பம் வரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். முதல் 20 கிலோமீற்றரை அரை மணித்தியாலத்திலும், அடுத்த 20 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்திலும் ஒரு பஸ் கடந்தால், கதிகள் முறையே மணித்தியாலத்துக்கு 40, 20 கிலோமீற்றர். சராசரிக் கதி 30 என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் 40ஐ ஒன்றரையால் வகுத்தால் 26.7க்குக் கிட்டவே வருகிறது, ஏனெனில் மெதுவாக ஓடிய நேரமே அதிகம்.

அண்ணனின் விடைக்கு வருவோம். கோணத்தை அவர் சரியாகவே அளந்திருக்கிறார். புள்ளிகளுக்கிடையே மேல்நோக்கி 52 சிறு கட்டங்களும், கிடையாக 40 சிறு கட்டங்களும் உள்ளன; 52 ÷ 40 = 1.3. ஆனால் இது தாளின் சரிவேயன்றிக் குளத்தின் மாற்ற வீதம் அன்று. நிலைக்குத்தில் ஒரு சிறு கட்டம் 0.05 மீற்றர், கிடையில் ஒரு சிறு கட்டம் அரை நாள். 1.3ஐ 0.05ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்தால் 0.13 கிடைக்கும். இரு அச்சுகளிலும் அளவிடை ஒன்றாக இருந்தாலன்றிப் பாகைமானி படித்திறனைத் தராது. ஒரு பக்கம் மீற்றர், மறுபக்கம் நாள் என்றிருக்கும்போது கோணத்துக்கே பொருளில்லை. அளவிடையை மாற்றி வரைந்தால் கோணம் மாறும், குளம் மாறாது.

பூச்சியம் பற்றிய கேள்விக்கு: அந்த 5 நாட்களில் நீர்மட்டம் மாறவில்லை என்று அந்த விடை சொல்லவில்லை. நிகர மாற்றம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. மேலே சொன்ன பஸ் கல்முனைக்குச் சென்று மட்டக்களப்புக்கே திரும்பினால், இடப்பெயர்ச்சி பூச்சியமாவதால் முழுப் பயணத்துக்குமான சராசரி வேகமும் (கதியைப் போலன்றித் திசையையும் கணக்கில் கொள்வது) பூச்சியமாகும். பஸ் ஓடவில்லை என்று எவரும் சொல்வதில்லை. விடையை எழுதும்போது "20ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள் வரை" என்று ஆயிடையையும், "நாளொன்றுக்கு மீற்றர்" என்று அலகையும் சேர்த்தே எழுதுங்கள். இவ்விரண்டும் இல்லாத சராசரி மாற்ற வீதத்தை நான் விடையாகவே ஏற்பதில்லை.

ஏறாவூர் வாசகர்:

ஆசிரியர் அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ஓர் ஐயத்தை முன்வைக்க விரும்புகிறேன். இடையில் நடந்தவற்றையெல்லாம் மறைத்துவிடும் ஓர் எண்ணை ஏன் கணிக்க வேண்டும்? 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தை நாங்களே கண்டோம். அத்தகைய மாதத்தில் முதல் நாளையும் கடைசி நாளையும் மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், ஊரே நீருக்குள் இருந்த நாட்கள் அந்த எண்ணில் எங்கே தெரியும்? இந்த மாணவியின் கணக்கிலும் 30 நாட்களுக்கும் சேர்த்துக் கணித்தால் (5.0 − 3.2) ÷ 30 = 0.06 தான் வருகிறது. நாளொன்றுக்கு 6 சென்ரிமீற்றர் என்று கேட்பவர், 10ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாக நீர் ஏறியது என்று எவ்வாறு ஊகிப்பார்?

தொழினுட்ப உத்தியோகத்தர், அம்பாறை மாவட்டம்:

நான் நீர்ப்பாசன வேலையில் இருப்பவன். ஏறாவூர் அன்பர் சொல்வது வெள்ளத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. வான் பாயுமா (குளம் நிறைந்து மேலதிக நீர் வழிந்தோடுமா), கதவுகளை எப்போது திறப்பது என்று தீர்மானிக்க வேண்டிய வேளையில் மாதச் சராசரியை எவரும் பார்ப்பதில்லை. அப்போது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளவுகோலை வாசித்து, அந்த ஒரு மணித்தியாலத்துக்கான சராசரி மாற்ற வீதத்தையே பார்க்கிறோம். அதுவும் சராசரிதான் என்பதைக் கவனியுங்கள். ஆயிடை சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. பெரும்போக நெற்செய்கைக்கு நீர் திறந்த பின்னர், இருக்கின்ற நீர் எத்தனை நாட்களுக்குப் போதும் என்று, வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைமார் கூட்டத்தில் கேட்கும்போது, ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கமும் எங்களுக்குத் தேவையற்றது. இரண்டு வாரங்களின் முனைகளுக்கிடையேயான இறக்கமே தேவை. எனவே சராசரியைக் குறை சொல்வதற்கு முன்னர், கேள்விக்குப் பொருத்தமான ஆயிடை எடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஆயிடையை விரும்பியவாறு சுருக்கிக்கொண்டே போகவும் முடியாது, ஏனெனில் வரைபை வாசிப்பதில் வரும் வழு அங்கே பெரிதாகிவிடும். தங்கையின் வரைபில் ஒரு சிறு கட்டத்தின் பாதி 0.025 மீற்றர். இரண்டு முனைகளிலும் அந்த அளவு வழு எதிரெதிர்த் திசைகளில் வந்தால் வித்தியாசத்தில் 0.05 மீற்றர் பிழைக்கும். 20 நாள் ஆயிடையில் அது நாளொன்றுக்கு 0.0025 மீற்றர் மாத்திரமே, 0.13க்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் ஒரே நாளுக்கு எடுத்தால் அதே வழு நாளொன்றுக்கு 0.05 மீற்றராகிறது. 0.2 என்று வர வேண்டிய இடத்தில் 0.15 என்றோ 0.25 என்றோ வந்துவிடலாம். வரைபிலிருந்து வாசிக்கும் எவரும் விடையில் மூன்று நான்கு தசம தானங்கள் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நீர்மட்டத்தின் மாற்ற வீதத்தை நீரின் அளவினது மாற்ற வீதமாகக் கொள்ளக் கூடாது என்பதையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. குளம் மேலே போகப் போக அகன்று செல்வது. நீர்ப்பரப்பு 2 சதுர கிலோமீற்றராக இருக்கும்போது நாளொன்றுக்கு 13 சென்ரிமீற்றர் ஏறினால், சேர்ந்த நீர் 260,000 கன மீற்றர். பரப்பு 5 சதுர கிலோமீற்றராக விரிந்த பின்னர் அதே 13 சென்ரிமீற்றர் ஏறினால் 650,000 கன மீற்றர். நீர்மட்ட வரைபில் இரண்டு நாண்களும் சமாந்தரமாக இருக்கும். கொள்ளளவு வரைபில் ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு செங்குத்தாக நிற்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அமைந்த சேனநாயக்க சமுத்திரம் ஏறக்குறைய 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி கொள்ளக்கூடியது. ஓர் ஏக்கர் அடி என்பது 1,233 கன மீற்றர் அளவு. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் மட்டம் ஓர் அங்குலம் மாறியது என்பதும் சிறு குளமொன்றில் ஓர் அங்குலம் மாறியது என்பதும் ஒன்றாகா. எந்தச் சார்பின் வரைபு உங்கள் முன்னே இருக்கிறது என்பதை அச்சில் எழுதியிருப்பதை வாசித்து உறுதிசெய்த பின்னரே கோடுகோலை எடுங்கள்.

களுவாஞ்சிக்குடி மாணவி:

ஆசிரியர் அவர்களுக்கும் உத்தியோகத்தர் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கட்டங்களை எண்ணி 52, 40 என்று காட்டியதும் என் அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். தோழிக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. "0.13 என்ற வீதத்தில் நீர் உண்மையில் ஏறிய நாள் ஒன்றேனும் உண்டா? என் மூன்று பகுதிகளில் 0.12 இருக்கிறது, 0.2 இருக்கிறது, 0 இருக்கிறது, 0.13 எங்கேயும் இல்லையே" என்கிறாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

கணித விரிவுரை உதவியாளர், வந்தாறுமூலை:

தோழியின் கேள்விதான் இந்த உரையாடலில் மிகச் சிறந்தது என்பேன்; அது நேராக வகையீட்டின் (ஒரு கணத்திலுள்ள மாற்ற வீதத்தைக் காணும் கணிதத்தின்) வாசலுக்குக் கொண்டுசெல்கிறது.

ஒரு மூலைமட்டத்தையும் கோடுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டத்தின் ஓர் ஓரத்தை (5, 3.0), (25, 5.6) ஆகிய புள்ளிகளை இணைக்கும் நாணின் மீது பொருத்தி, மற்றோர் ஓரத்தில் கோடுகோலை அழுத்திப் பிடித்து, மூலைமட்டத்தைக் கோடுகோல் வழியே மெதுவாக நகர்த்துங்கள். நாணுக்குச் சமாந்தரமான கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 10ஆம் நாளுக்குச் சற்று முன்பின்னாக ஓரிடத்திலும், 20ஆம் நாளை நெருங்கும்போது மற்றோரிடத்திலும் அந்த ஓரம் வளையியை வெட்டாமல் தொட்டுச் செல்வதைக் காண்பீர்கள். அங்கே வரையப்படும் தொடலியின் படித்திறன் நாணின் படித்திறனேயாகும். அதாவது அந்தக் கணத்தில் நீர் நாளொன்றுக்கு 0.13 மீற்றர் என்ற வீதத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. வளையி எங்கும் முறியாமலும் கூர்முனை இல்லாமலும் செல்லுமானால், இத்தகைய இடம் குறைந்தது ஒன்றாவது இருந்தே தீரும். 20க்கும் 25க்கும் இடையில் நாண் கிடையாக இருப்பதால், அங்கே கிடையான தொடலி ஒன்றைத் தேட வேண்டும். 22ஆம் நாளளவில் வளையியின் உச்சியில் அது கிடைக்கிறது.

இத்தகைய தொடலி அமையும் இடம் பொதுவாக ஆயிடையின் நடுப்புள்ளி அன்று. பரவளைவு மட்டும் இதற்கு விலக்கு. ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் சார்பை எடுத்து, 1இலிருந்து 4 வரை சராசரி மாற்ற வீதத்தைக் கண்டால் (16 − 1) ÷ 3 = 5. நடுப்புள்ளியான 2.5இல் தொடலியின் படித்திறனும் 5 தான். எந்த இரண்டு முனைகளை எடுத்தாலும் இது பொருந்துவதை நீங்களே சரிபார்க்கலாம். இந்தச் சார்புக்கு விடை எப்போதும் இரு முனைகளின் கூட்டுத்தொகையாகவே வரும். உயர்தரத்தில் வகையீடு தொடங்கும் முன்னரே இதனைச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லை என்ற கருத்து அச்சமூட்டுவதில்லை, ஏனெனில் இரண்டாவது முனையை முதலாவதை நோக்கி நகர்த்த நகர்த்த அந்தக் கூட்டுத்தொகை எதை நோக்கிச் செல்கிறது என்பது வெளிப்படையாகவே தெரியும்.

இனி, தோழிக்கு ஏன் 0.13 கிடைக்கவில்லை என்பது. அவர் வளையியை விட்டுவிட்டு, வாசித்த புள்ளிகளை நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்து, அந்தத் துண்டுகளின் படித்திறன்களையே பார்த்திருக்கிறார். துண்டுகள் சந்திக்கும் 10ஆம் நாளிலும் 20ஆம் நாளிலும் கூர்முனைகள் உண்டாகின்றன. அங்கே படித்திறன் 0.12இலிருந்து 0.2க்கும், 0.2இலிருந்து 0க்கும் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறது. 0.13ஐ அந்தப் பாய்ச்சல்கள் இரண்டும் கடந்து போகின்றன, எங்கும் தங்குவதில்லை. வினாத்தாளில் உள்ளது வளையி; அதிலே படித்திறன் படிப்படியாக மாறுவதால் 0.13ஐத் தொடாமல் 0.2இலிருந்து 0க்கு இறங்க வழியில்லை. மூலைமட்டத்தை 10க்கும் 22க்கும் இடையில் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள்.